ஆறாம் டேக், எட்டாம் டேக்

கிளென் கூல்டு வாசித்த பாக்கின் ஏ மைனர் ஃபியூக்கை முதன்முறை கேட்கும் எவருக்கும் அது ஒரே மூச்சில், ஒரே மனநிலையில் வாசிக்கப்பட்டது என்றே தோன்றும். உண்மை அதுவன்று. அது இரண்டு வேறு வாசிப்புகளின் ஒட்டு. இதை ஆராய்ந்து கண்டுபிடித்தவர் எவரும் இல்லை. வாசித்தவரே 1966இல் 'ஹை ஃபிடெலிட்டி' என்னும் அமெரிக்க இதழில், ஒலிப்பதிவின் எதிர்காலம் குறித்து எழுதிய நீண்ட கட்டுரையில் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றுவரை நாம் அதை ஒற்றை வாசிப்பு என்றே நம்பிக்கொண்டிருப்போம்.

நடந்தது இதுதான். ஒலிக்கூடத்தில் அந்த ஃபியூக்கை அவர் எட்டு முறை வாசித்தார். அவற்றுள் ஆறாவதும் எட்டாவதும் முழுமையானவை என்று அன்றே குறிப்பேட்டில் பதியப்பட்டன. இரண்டிலும் விரல் பிசகவில்லை. வேறு பதிவிலிருந்து ஒரு சுரத்தைக்கூடக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. சில வாரங்கள் கழித்துத் தொகுப்பதற்காக மீண்டும் கேட்டபோதுதான் சிக்கல் புலப்பட்டது. ஆறாவது வாசிப்பு கனமானது. சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து, சற்றே செருக்குடன் நடந்தன. எட்டாவது துள்ளலானது, ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெறித்தது. தனித்தனியே கேட்டால் இரண்டும் நன்று. ஆனால் ஃபியூக் முழுவதற்கும் அந்த ஒற்றை மனநிலை போதவில்லை. இரண்டுமே இறுதியை எட்டும்போது சலிப்பூட்டின. தற்செயலாக இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. ஆகவே கருப்பொருள் நிலைநாட்டப்படும் தொடக்கத்துக்கும், அது திரும்பி வந்து நிறைவுபெறும் முடிவுக்கும் ஆறாவது டேக்கை எடுத்துக்கொண்டார்கள். சுருதி மாறி மாறி அலையும் நடுப்பகுதிக்கு எட்டாவது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. பிழையை மறைப்பதற்காக இந்த வெட்டு நிகழவில்லை. வாசித்துக்கொண்டிருந்தபோது வாசிப்பவருக்கே தோன்றாத ஒரு வடிவம், வாசித்து முடித்த பல வாரங்களுக்குப் பிறகு, மேசையின் முன் அமர்ந்திருந்தபோது தோன்றியிருக்கிறது.

இசை பயிலாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 'வெல் டெம்பர்டு கிளாவியர்' என்பது பாக் இரண்டு தொகுதிகளாக இயற்றிய கட்டைப்பலகை இசைத் தொகுப்பு. முதல் தொகுதி அவர் கோத்தன் நகர அரசவையில் பணியாற்றிய 1722ஆம் ஆண்டுக்குரியது. இரண்டாவது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் லைப்சிக்கில் நிறைவுபெற்றது. ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு சுருதிகளுக்கு இருபத்துநான்கு இணைகள்: ஒரு முன்னிசை, ஒரு ஃபியூக். மாணவர் பயிற்சிக்காகவும் தேர்ந்தவர் பொழுதுபோக்குக்காகவும் என்று முகப்பில் எழுதிவைத்தார். 1750இல் அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1801இல், அது அச்சேறியது. அதுவரை கையெழுத்துப் படிகளாகவே ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைமாறி வந்தது. நம் ஏட்டுச்சுவடி மரபை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

ஃபியூக்கில் முதலில் ஒரு குரல் தனியாக ஒரு கருப்பொருளைச் சொல்லும். அது முடிந்ததும் இரண்டாம் குரல் அதே கருப்பொருளை வேறொரு நிலையிலிருந்து சொல்லத் தொடங்கும். முதற்குரலோ வாயடங்குவதில்லை, தன்போக்கில் தொடரும். பின்னர் மூன்றாவது, நான்காவது. ஒரே நேரத்தில் பலர் பேசினாலும் எவர் சொல்லும் எவர் சொல்லையும் மறைக்காத ஓர் அவை என்று அதை எண்ணிக்கொள்ளலாம். நான் அறிந்த எந்தத் துறைக் கருத்தரங்கிலும் இது நிகழ்ந்ததில்லை. நாற்பத்தெட்டு ஃபியூக்குகளில் இரு குரல் மட்டுமே கொண்டது ஒன்றே ஒன்று, ஐந்து குரல் கொண்டவை இரண்டு. எஞ்சியவை மூன்றும் நான்கும். நாம் பேசும் ஏ மைனர் ஃபியூக் நான்கு குரலுடையது. அதன் கருப்பொருள் பின்னர் தலைகீழாகவும் வரும்; ஏறிய இடத்தில் இறங்கும், இறங்கிய இடத்தில் ஏறும். அதற்குப் பிறகு ஒரு குரல் சொல்லி முடிப்பதற்குள் மற்றொன்று இடைமறித்து அதையே தொடங்கும். பாக்கை இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தட்டு வழியாக அறிந்து, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்த என் போன்றோருக்கு, ஒரு குரலைப் பின்தொடரப் பழகிய செவியை நான்காகப் பிரித்துக்கொள்வதற்கே சில ஆண்டுகள் ஆகின்றன.

இந்தத் தொகுப்பை முழுமையாக முதலில் பியானோவில் பதிவுசெய்தவர் எட்வின் ஃபிஷர். 1933 முதல் 1936 வரை. அக்காலத்தில் இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிட அளவே கொள்ளும். வெட்டுதல் இல்லை, ஒட்டுதல் இல்லை. விரல் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும், இல்லையேல் பிசகோடு வெளியிட வேண்டும். ஃபிஷர் பல இடங்களில் பிசகோடு வெளியிட்டார். அவற்றைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை, பரிவுதான் வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காந்த நாடா பரவலானதும் நிலைமை மாறியது. நாடாவைச் சவரக்கத்தியால் வெட்டி, வேறொரு நாடாவின் துண்டோடு ஒட்டலாம். கூல்டின் தலைமுறை அந்தக் கத்தியோடு வளர்ந்த தலைமுறை. 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்ததோடு அவர் கச்சேரி மேடையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. அதன்பின் 1982இல் இறக்கும்வரை ஒலிக்கூடமே அவருடைய மேடை.

ஒட்டி வெளியிடுவது ஏமாற்று என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இசையைப் பொறுத்தவரை நான் கூல்டின் பக்கம். நாவலாசிரியர் மூன்றாம் அத்தியாயத்தை எழுதிய அதே மனநிலையில் பதினான்காம் அத்தியாயத்தையும் ஒரே இரவில் எழுதியிருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. இசைக்கலைஞரிடம் மட்டும் அந்த ஒரே இரவை ஏன் கேட்கிறோம்? ஒட்டு காதில் உறுத்தும் என்பாருக்கும் அவர் விடை வைத்திருந்தார். இசைக்கலைஞர்கள், ஒலிப்பொறியாளர்கள், இத்துறை சாராதவர்கள் எனப் பதினெட்டுப் பேருக்குச் சில பதிவுகளை அளித்து ஒட்டுள்ள இடங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அதன் விளைவுகளை 1975இல் எழுதினார். பெரும்பாலான ஒட்டுகள் எவர் காதிலும் சிக்கவில்லை.

எதை வேண்டுமானாலும் வெட்டக்கூடியவர் எதையெல்லாம் வெட்டாமல் விட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. வாசிக்கும்போது அவர் முனகுவார். தந்தை செய்துகொடுத்த குள்ளமான மடக்கு நாற்காலியில் அமர்ந்து, கட்டைகளின் மட்டத்துக்கு முகத்தை இறக்கி, எந்தக் குரலைத் தம் மனம் பின்தொடர்கிறதோ அதை முனகுவார். அது எல்லாப் பதிவுகளிலும் இருக்கிறது. சிடி 318 என்ற எண் கொண்ட அவருடைய ஸ்டைன்வே பியானோவைத் தம் விருப்பத்துக்கேற்ப இடைவிடாது திருத்திக்கொண்டே இருந்தார். அதனால் அதன் நடுப்பகுதிச் சுரங்களில் விக்கல் போன்றதோர் ஒலி வந்தது. பாக்கின் 'இன்வென்ஷன்கள்' பதிவில் அந்த விக்கல் தெளிவாகக் கேட்கும். அதை நீக்காமல், உறையிலேயே அதற்கு ஒரு விளக்கமும் எழுதி வெளியிட்டார்கள்.

இதுவரை எனக்குச் சங்கடம் ஏதுமில்லை. சங்கடம் 1967இல் தொடங்குகிறது.

அவ்வாண்டு கூல்டு கனடிய வானொலிக்காக 'வடக்கு என்ற எண்ணம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்தார். கனடாவின் வடகோடியில் வாழ்ந்து பழகிய ஐந்து பேரைத் தனித்தனியே பேட்டி கண்டு, அவர்களுடைய பேச்சை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஃபியூக்கைப் போல அமைத்தார். ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கையில் ஓர் ஆண் குரல் நுழைகிறது. அவர் பேசும்போதே இன்னொருவர். கேட்பதற்கு அவர்கள் ஒரே ரயில் பெட்டியில் அமர்ந்து ஒருவருக்கொருவர் மறுமொழி சொல்வது போலிருக்கும். அப்படி ஓர் உரையாடல் நடக்கவே இல்லை. அது மிக அழகான படைப்பு; நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மொழியியல் பயின்ற செவியோடு அதைக் கேட்பது எனக்குக் கடினமாக இருந்தது.

காரணம் என் ஆய்வுப்பொருள். வாய்மொழிக் கதைகூறலில் தயக்கங்கள், இடைநிறுத்தங்கள், சொல்லைத் தொடங்கி நிறுத்தித் திருத்திக்கொள்ளும் இடங்கள்: இவையே என் தரவுகள். ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பேச்சில் நிகழும் சுயதிருத்தம் குப்பையன்று, அதற்கே ஓர் ஒழுங்குண்டு என்பதை எங்கள் துறையில் எவரும் ஐயுறுவதில்லை. பேசுபவர் எங்கே தடுமாறுகிறார் என்பதில் அவர் வாக்கியத்தை எவ்வாறு கட்டுகிறார் என்பது தெரியும். அந்தத் தடுமாற்றத்தைக் கத்தியால் எடுத்துவிட்டால் எனக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. கூல்டு தம் பேட்டிகளிலிருந்து இத்தகைய இடங்களைத்தான் முதலில் களைந்திருப்பார்.

நான் பணிபுரிவது கோலாமி மொழியில். தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியில் பேசப்படும் திராவிட மொழி. அதற்கு விரிவான முதல் இலக்கணத்தை 1955இல் வெளியிட்டவர் மரே எமனோ. கூல்டு தம்மை உலகுக்கு அறிவித்த 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' இசைத்தட்டுக்காக நியூயார்க்கில் வாசித்ததும் அதே 1955இல்தான். எமனோவும் கனடியர், நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். இதற்குமேல் இந்த ஒற்றுமைக்குப் பொருள் ஏதும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, சொன்னேன். எமனோ 1930களில் இந்தியாவில் களப்பணி செய்தபோது கதைகளைக் கையால் எழுதிக்கொண்டார். சொல்பவர் எழுதுபவரின் வேகத்துக்கு இறங்கி வந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அவர் தொகுத்த கோத்தர் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் நான் எண்ணிக்கொள்வதுண்டு: அவையும் ஒருவகையில் தொகுக்கப்பட்டவையே. எழுதுகோல் தொடும் முன்னரே தயக்கங்கள் வடிந்துவிட்டன.

எனக்குக் கதை சொன்ன கோலாம் மூதாட்டி ஒருவர் உண்டு. அவர் பெயரையும் ஊரையும் இங்கே சொல்லப்போவதில்லை. என்னை 'பிட்டா' என்று தெலங்கானாத் தெலுங்கில் அழைப்பார். பிள்ளை என்று பொருள். ஒரே கதையை அவர் இரண்டு முறை சொல்ல நான் பதிவுசெய்தேன். முதல்முறை ஒலிவாங்கியின் முன், நேராக நிமிர்ந்து அமர்ந்து, பெரியவர்கள் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னார். இரண்டாம் முறை, மாலையில், பேத்தி வந்து மடியில் சாய்ந்துகொண்டாள். அதே கதை வேறொன்றாகிவிட்டது. விலங்குகள் ஒவ்வொன்றும் தத்தம் குரலில் பேசின, பேத்தி நடுவே கேள்வி கேட்டாள், கூரையில் மழை விழத் தொடங்கியது.

அடுத்த பயணத்தில் இரண்டையும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார். பின்பு, காலையில் சொன்னதின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொண்டு, நடுவில் மட்டும் மாலையில் சொன்னதைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். தொடக்கத்தில் முன்னோர் பெயர் வருகிறது, அதை விளையாட்டாகச் சொல்லலாகாது. விலங்குகள் வருமிடத்தில் காலையில் தாம் மரம்போல் இருந்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் கூல்டின் பெயரைக் கேட்டவரல்லர். நான் கட்டுரையில் படித்து வியந்திருந்த அதே முடிவை, ஏறத்தாழ அதே காரணங்களோடு, அவர் தாமாகவே எட்டியிருந்தார்.

பயிற்சி எனக்குக் கொடுத்திருந்த விடை 'கூடாது' என்பதே. ஒட்டிய பதிவு தரவன்று. சுருதி வாக்கியத்தின் போக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். மூச்சு வாங்கிய பின் மீண்டும் ஏறித் தொடங்கும். இரு வேறு நேரத்துப் பேச்சை இணைத்தால் இந்த ஏற்ற இறக்கம் பொய்யாகும். அதை அளப்பவர் பொய்யை அளப்பார். இவையெல்லாம் சரியே. ஆயினும் அன்றிரவு வேறொன்று என்னைத் தூங்கவிடவில்லை. கூல்டு இரண்டு டேக்குகளை ஒட்டினால் அவரைக் கலைஞர் என்கிறோம். மூதாட்டி அதையே கேட்டால் தரவு கெட்டுவிடும் என்கிறோம். தம் படைப்பு எப்போது முடிந்தது என்று தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. எங்கள் ஒப்புதல் படிவத்தில் பதிவு செய்யலாமா, பகிரலாமா, பெயரைக் குறிப்பிடலாமா என்றெல்லாம் கேள்விகள் உண்டு. எந்த வடிவத்தை உங்களுடையது என்று ஒப்புக்கொள்கிறீர்கள் என்ற கேள்வி இல்லை.

வானொலி நிகழ்ச்சி ஏன் உறுத்தியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பேச்சு வெட்டப்பட்டதற்காக அன்று. பேசிய ஐவரில் எவர் கையிலும் கத்தி இல்லாததற்காக.

ஆகவே மூன்று கோப்புகள் உருவாயின. காலைப் பதிவு, மாலைப் பதிவு, இரண்டும் தொடப்படாமல். மூன்றாவது அவர் கேட்டபடி இணைக்கப்பட்டது. ஆவணக் குறிப்பில் முதலிரண்டுக்கு அவரைப் 'பேசுநர்' என்றும், மூன்றாவதற்கு 'ஆசிரியர்' என்றும் எழுதினேன். ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, மூன்றாவது கோப்பைத் தரவுத்தொகுப்பின் அருகிலேயே வைக்கக்கூடாது, என்றாவது ஒருவர் தவறி அதை அளந்துவிடுவார் என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். அந்த அச்சம் நியாயமானது. அதற்காக ஒவ்வொரு ஒட்டின் நேரத்தையும் நொடிக்கணக்கில் குறித்து இணைத்திருக்கிறேன். கோப்பை விலக்கிவைக்க மட்டும் உடன்படவில்லை. தம் சமூகத்தின் பிள்ளைகள் எதைக் கேட்க வேண்டும் என்று அவர் தேர்ந்தாரோ அது தொகுப்புக்கு வெளியே கிடக்க, அவர் வேண்டாமென்ற இரண்டும் உள்ளே இருப்பதில் ஏதோ கோணல் இருக்கிறது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை; ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கலாம் என்று நெறியாளரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

இடையில் ஒரு சிறு செய்தி. 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில், கூல்டு வாசித்த சி மேஜர் முன்னிசையும் ஃபியூக்கும் இரண்டாம் தொகுதியிலிருந்து இடம்பெற்றுள்ளன. அதே தட்டில் ஐம்பத்தைந்து மொழிகளில் வாழ்த்துகளும் உண்டு. திராவிட மொழிகளில் தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. கோலாமியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது கோப்பை எடுத்துக்கொண்டு சென்ற மாதம் மீண்டும் போனேன். இரு ஒட்டுகளையும் மிகுந்த கவனத்தோடு செய்திருந்தேன். மழையொலி திடீரென்று தொடங்காதவாறு அதை மெல்ல ஏற்றியிருந்தேன். இணைப்பை ஒரு நீண்ட இடைநிறுத்தத்தின் நடுவில் வைத்திருந்தேன். விடுதியில் எனக்குக் கேட்கத் தந்த நண்பர்கள் எவராலும் இடத்தைச் சொல்ல முடியவில்லை. மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் ஒட்டைக் கடந்துபோனார். இரண்டாவது வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இந்த இடத்தில் தமக்கு மூச்சு இவ்வளவு இருந்திருக்காது, இவ்வளவு நேரம் கரடியாகக் கத்திய பிறகு யாரால் இப்படி நிதானமாகப் பேச முடியும் என்று கேட்டார். பேத்தி சிரித்தாள்.

பிறகு ஒலிவாங்கியைக் கொண்டுவரச் சொன்னார். கரடியின் கடைசிக் கத்தலை ஒருமுறை முழுவதுமாகக் கத்தி, இளைத்து, அந்த இளைப்பு அடங்குவதற்குள் அடுத்த வாக்கியத்தை மட்டும் சொன்னார். போதும், இதை அங்கே வை என்றார். வைத்தேன்.